குரலைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனவர்

1

இக்கதை ஒரு பழுதுபார்க்கும் கடையில் பிறந்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. ஏனெனில் நான் கண்டது மிகச் சிறிது, எழுதப்போவது அதனினும் பெரிது.

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், பூக்கடைக்கும் நாணயமாற்றுக் கடைக்கும் இடையே, ஒருவர் இறங்கினால் மற்றவர் ஏற முடியாத மாடிப்படி ஒன்று உண்டு. அதன் உச்சியில் கணினி பழுதுபார்க்கும் கடை. என் வீட்டுக் கணினி சில மாதங்களாகத் திரையின் ஓரத்தில் ஓர் அறிவிப்பைக் காட்டிக்கொண்டிருந்தது. உங்கள் இயங்குதளத்திற்கு இனிப் பாதுகாப்பு இல்லை, புதிய பதிப்புக்கு மாறிக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். மூடினால் மறுநாள் மீண்டும் வரும். மாறுவதா வேண்டாவா என்று எனக்கு விளங்கவில்லை. வானம் கறுத்திருந்த ஒரு பிற்பகலில் அதைத் தூக்கிக்கொண்டு அக்கடைக்குச் சென்றேன்.

எனக்கு முன்னால் ஒரு முதியவர் நின்றிருந்தார். சந்தைக்குக் கொண்டுபோகும் சக்கரப் பை ஒன்று அவர் கையில் இருந்தது. அதிலிருந்து, குளியல் துவாலையில் சுற்றிய பழைய கணினிப் பெட்டியை, உறங்கும் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி மேசைமேல் வைத்தார். விசைப்பலகையும் அவரே கொண்டுவந்திருந்தார். அதன் மேல்வரிசை விசை ஒன்றின்மேல் மெரூன் நிற ஸ்டிக்கர் பொட்டு ஒட்டப்பட்டிருந்தது.

கடைக்காரர் ஒலி முகம்மது கம்பிகளைச் செருகினார். திரை ஒளிர்ந்தது. பொட்டைக் கண்டு வியந்தவர், விளையாட்டாக அதை அழுத்தினார்.

"குடை எடுத்துட்டுப் போங்க! மழை என்ன உங்க மச்சானா, பாத்துப் பெய்யிறதுக்கு?"

ஒரு பெண்ணின் குரல் கடை முழுவதையும் நிறைத்தது. அங்கிருந்த நாங்கள் அனைவரும் சிரித்துவிட்டோம். முதியவர் மட்டும் சிரிக்கவில்லை.

"யாரு அங்கிள் இது? ஆன்ட்டியா? செம வாய் லா!" என்றார் கடைக்காரர்.

"இப்ப வாய் இல்ல," என்றார் முதியவர். "பேச்சு நின்னுபோச்சு. டைப் பண்ணா இந்தப் பெட்டி அவ குரல்ல பேசும். புது விண்டோஸ் போட்டா இந்தக் குரல் இருக்குமா, போயிடுமா? அதை மட்டும் சொல்லு தம்பி."

ஒலி முகம்மது உதட்டைப் பிதுக்கினார். "போட்டுப் பாத்தாதான் தெரியும் அங்கிள்."

அதற்குள் கடைப்பெண் என் கணினியை வாங்கிக்கொண்டு, மறுநாள் வரச் சொன்னார். முதியவருக்கும் கடைக்காரருக்கும் இடையே மேலும் நிகழ்ந்த பேச்சில் ஒரு கேள்வியும் ஒரு பதிலும் படியிறங்கும்போது என் காதில் விழுந்தன. அவற்றை இப்போது சொல்லமாட்டேன். கடைசிப் பகுதிக்கு வைத்திருக்கிறேன். அம்முதியவரை நான் மீண்டும் பார்க்கவில்லை. இனி வருவன எல்லாம் என் கற்பனை. பெயர்களும் நான் இட்டவையே.

2

தொடக்கத்தை நான்கு முறை எழுதினேன்.

முதலாவது: "அறிவியல் மனிதனுக்கு அளித்த கொடைகளுள் கணினியே தலையாயது என்பர்." (மேடையில் சொல்லத்தக்க வாக்கியம். முதியவர் இதைக் கேட்டிருந்தால் பையை உருட்டிக்கொண்டு போயிருப்பார். அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: "குவீன்ஸ்டவுன் வட்டாரத்தின் பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில், மின்தூக்கிக்கு அருகில், மாலை வெயில் நேராக விழும் வீட்டில்" (வெயிலை எழுதத் தொடங்கினால் கதைக்குள் நுழையாமலே பக்கம் நிரம்பிவிடும். நிறுத்தினேன்.)

மூன்றாவது: "மாசிலாமணி தம் மனைவியின்மேல் அளவற்ற அன்பு கொண்டிருந்தார், ஆகவே" (இங்கே என் கை நின்றுவிட்டது. அன்புக்குப் பின் 'ஆகவே' என்று எழுதி, அதன் பின் எதை வேண்டுமானாலும் நியாயப்படுத்தலாம் போலிருந்தது. இவ்வாக்கியத்தை அடிக்காமல் விட்டுவைக்கிறேன். பின்னர்த் தேவைப்படும்.)

நான்காவதை வைத்துக்கொண்டேன்:

மாசிலாமணி காலையில் கண்விழித்ததும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. மனைவியின் வலக்கைச் சுட்டுவிரலைப் பார்ப்பார். அவ்விரல் போர்வையின்மேல் ஒரு தட்டுத் தட்டினால், அன்றைய பொழுது விடிந்தது என்று பொருள்.

ரத்தினம்மா தேக்கா சந்தையில் கீரையும் முருங்கைக்காயும் விற்றவர். அவர் கடைக்கு வந்தோருள் பாதிப்பேர் காய்க்காக வந்தனர். மீதிப்பேர் அவரிடம் ஏச்சு வாங்குவதற்காகவே வந்தனர். "ஆன்ட்டி, கீரை ஃபிரெஷ்ஷா?" என்று தயங்கி நின்ற இளைஞனிடம், "ஏன், பொண்ணு பாக்கவா வந்திருக்க? எடுத்துட்டுப் போய்ச் சமை லா!" என்பார். மாசிலாமணியோ தஞ்சோங் பகார் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கியவர். வானத்துக்கும் கப்பலுக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் கூண்டில் தனித்து அமர்ந்தே வேலைக்காலத்தைக் கழித்தவருக்குப் பேசும் பழக்கம் குறைவு. அவர்கள் வீட்டில் பேச்சு என்று ஒன்று இருந்தது என்றால், அது முழுவதும் ரத்தினம்மாவுடையது.

தசைகள் ஒவ்வொன்றாகச் சொல் கேட்க மறுக்கும் நோய் ரத்தினம்மாவுக்கு வந்தது. அறிவு தெளிவாக இருக்கும். உடல் மட்டும் பகுதி பகுதியாகக் கதவடைக்கும். குரல் தளரும் முன்பே அதைப் பதிந்துவைக்கலாம் என்று மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தருபவர் வழிகாட்ட, ஒரு சிறு நிறுவனத்தின் பதிவறைக்கு அவர்கள் சென்றார்கள். சுவரெங்கும் பஞ்சு ஒட்டிய அறை. கண்ணாடிக்கு அப்பால் மாசிலாமணி. படிக்க வேண்டிய வாக்கியங்கள் திரையில் ஓடின.

"தென்கிழக்குத் திசையிலிருந்து மிதமான காற்று வீசக்கூடும்," என்று படித்துவிட்டு ரத்தினம்மா நிறுத்தினார். "யாரு பெத்த பிள்ள இதை எழுதுனது? என் ஆயுசுல யார்கிட்டயும் நான் இப்படிப் பேசுனதில்ல."

"அப்படியே படிங்கம்மா. எல்லா ஒலியும் வேணும்," என்றாள் பதிவு செய்த பெண்.

"நான் ஏசுறேன், எழுதிக்க. எல்லா ஒலியும் வரும்."

இறுதியில், சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்லலாம், அதைத் தனியே ஒரு விசையில் வைத்துத் தருகிறோம் என்றார்கள். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. ரத்தினம்மா கண்ணாடிக்கு அப்பால் இருந்த கணவரைப் பார்த்தார். பொட்டு விசையில் இருப்பது அப்போது சொன்னது.

3

இனிச் சிக்கலைச் சொல்லவேண்டும். கதையில் இத்தகைய பகுதி வறட்சியாகவே இருக்கும், பொறுத்தருள்க.

விரல் ஒன்றே எஞ்சியது. அதைக் கொண்டு ரத்தினம்மா எழுத்தெழுத்தாக விசையை அழுத்துவார். ஒரு வாக்கியம் முடிவதற்குள் தேநீர் ஆறிவிடும். அவ்விரலும் நாளுக்கு நாள் சோர்ந்துவந்தது. விரல் நின்றபின் கண்ணசைவால் எழுதலாம். அதற்கு ஒரு கேமராவை மருத்துவமனை இரவல் தர முன்வந்தது. ஆனால் அந்தக் கண் கேமரா புதிய இயங்குதளத்தில் மட்டுமே வேலை செய்யும். வீட்டுக் கணினியில் இருப்பதோ பழையது.

புதியதற்கு மாற்றினால் என்ன? குரல் தரும் நிரல் அந்தப் பெட்டிக்கென்றே பூட்டப்பட்டது. இயங்குதளம் மாறினால் தன் வீட்டை அது அடையாளம் காணாமல் போகலாம். காணாவிட்டால் புதுச் சாவி கேட்கும். சாவி தரவேண்டிய நிறுவனம் கடையைக் கட்டிவிட்டது.*

* இருந்தும் நிரல் வாரந்தோறும் எங்கோ இருக்கும் ஒரு சேவையகத்திடம் அனுமதி கேட்கிறது; அங்கிருந்து இன்னும் அனுமதி வந்துகொண்டிருக்கிறது. யாரோ அணைக்க மறந்துபோன விளக்கு. இணையத்தைத் துண்டித்துப் பெட்டியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவும் வழியில்லாமற் போனது இதனாலேயே.

(வேறொரு புதுக் கணினி வாங்கிவிட்டால் தீர்ந்ததே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. வாங்கலாம். அதில் ரத்தினம்மா கண்ணால் எழுதுவார். வேறு யாரோ ஒரு பெண்ணின் குரலில் பேசுவார். அவர் குரலோ பழைய பெட்டிக்குள் கிடக்கும்; அதை எழுப்ப அவரிடம் விரல் இராது. கண்ணும் குரலும் ஒன்றுசேர வேண்டுமானால் அந்தப் பழைய பெட்டியையே மாற்றிப் பார்க்கவேண்டும். நடந்தால் இரண்டும் கிட்டும். தவறினால் குரல் போயிற்று.)

மகள் அனுப்ரியா பொங்கோலில் வசிக்கிறாள். அவள் அலுவலகத்தில் கணினிப் பாதுகாப்பைக் கவனிப்பவள். ஆகையால் பேச்சு எப்போதும் அச்சத்திலிருந்தே தொடங்கும்.

"அப்பா, சப்போர்ட் முடிஞ்சு போச்சு. அந்தப் பெட்டியை நெட்ல வச்சிருக்கிறது, கதவைத் திறந்துபோட்டுத் தூங்குற மாதிரி."

"இங்க எடுத்துட்டுப் போறதுக்கு என்ன இருக்கு?"

"ஜோக் அடிக்காதீங்கப்பா. கேமரா வந்தா மாத்தித்தான் ஆகணும். ட்ரை பண்ணிப் பாப்போம். குரல் போச்சுன்னா இன்னொரு குரல் வச்சுக்கலாம், டிஃபால்ட்ல நல்ல தமிழ்க் குரல் இருக்கு."

"எந்த ஊரு பொம்பளையோ என் வீட்டுல உக்காந்து என்னைச் சாப்பிடச் சொல்லணுமா?"

"உங்களுக்குக் குரல் வேணும். அம்மாவுக்குப் பேசணும்பா. ரெண்டும் வேற வேற."

மகள் சொன்னது சரி என்று மாசிலாமணிக்குத் தெரிந்திருந்ததா என்பதை நான் முடிவு செய்யவில்லை. தெரிந்திருந்தது என்றால் அவர்மேல் எனக்குச் சினம் வருகிறது. தெரியவில்லை என்றால் இரக்கம் வருகிறது. கதை நகர்வதற்குச் சினமே உதவுகிறது.

4

முதலில் அவர் பொட்டு விசையை மட்டுமே அழுத்தினார்.

ரொட்டி வாங்கப் புறப்படுகையில், வெயில் கொளுத்தினாலும், ஒருமுறை அழுத்துவார். "குடை எடுத்துட்டுப் போங்க!" என்று அதட்டல் வரும். "எடுத்துட்டேன் ரத்தினம்," என்பார். சன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்த ரத்தினம்மாவின் கடைவாயில் ஒரு சுருக்கம் தோன்றும். அது சிரிப்பு என்று அவர் எடுத்துக்கொண்டார்.

பிறகு ஒருநாள், மனைவி கண்ணயர்ந்திருந்த வேளையில், அவர் தாமே எழுதினார்: சாப்பிட்டீங்களா. பெட்டி அக்குரலில் கேட்டது. "ஆச்சு," என்றார். மறுநாள்: காலு வலி எப்படி இருக்கு. "பரவால்ல." குரல் சற்று விறைப்பாகவே பேசும், தென்கிழக்குக் காற்றைப் பற்றிச் சொல்வதற்காகப் பதிந்த ஒலிகள் அல்லவா? ஆயினும் அது ரத்தினம்மாவின் தொண்டையிலிருந்து வந்தது. வேறு யாருக்கும் தீங்கில்லாத காரியம் என்றே நானும் எழுதிவந்தேன். (இவ்விடத்தில் மாசிலாமணியின் தனிமையைப் பற்றி நீண்ட பத்தி ஒன்று இருந்தது. எடுத்துவிட்டேன். அது இருந்திருந்தால் அடுத்து நிகழ்வதை நீங்கள் மன்னித்துவிடுவீர்கள்.)

ஒரு காலை, அனுப்ரியா எம்.ஆர்.டி. ரயிலிலிருந்து அழைத்தாள். அவள் குரலுக்குப் பின்னால் கதவு மூடும் ஓசை கேட்டது. மாசிலாமணி கைப்பேசியை ஒலிபெருக்கியில் இட்டு மனைவியின் அருகே வைத்தார்.

"மா, ஆஸ்பத்திரியில இன்னைக்குள்ள சொல்லச் சொல்றாங்க. கேமரா வேணுமா, இல்ல அடுத்தவங்களுக்குக் கொடுத்துடட்டுமான்னு. வேணும்னா கம்ப்யூட்டரை மாத்தணும். அப்பா வேணாம்ங்கிறார். நீங்க சொல்லுங்கம்மா. நீங்க சொன்னாதான் நான் கேப்பேன்."

ரத்தினம்மாவின் விரல் பலகையை நோக்கி அசைந்தது. அது முதல் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தபோதே, "மா? இருக்கீங்களா? டனல் வரப்போகுது, லைன் கட்டாயிடும்," என்றாள் மகள்.

மாசிலாமணி விசைப்பலகையைத் தம் பக்கம் இழுத்தார்.

எனக்கு மாத்த வேணாம். இப்படியே இருக்கட்டும்.

குரல் அதைச் சொல்லி முடித்தது.

"ஓகேம்மா," என்றாள் அனுப்ரியா. அவள் அழுதிருக்கலாம். "அம்மா குரல்லயே கேட்டுட்டேன். இனிமே நான் பேசல. நான் அவங்ககிட்ட சொல்லிடுறேன்."

தொடர்பு அறுந்தது. மாசிலாமணி மனைவியைப் பார்க்காமல் விசைப்பலகையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, நீர் கொதிக்கவைக்கச் சமையலறைக்குப் போனார். கெண்டி சீறத் தொடங்கியது. அந்தச் சீறலுக்கிடையே கூடத்திலிருந்து குரல் வந்தது. நெடுநேரம் கழித்து, ஒவ்வோர் எழுத்தையும் சம்பாதித்துக்கொண்டு வந்தது.

"நான் சொல்லலியே."

அவருக்குக் கேட்டது. அவர் அடுப்பை அணைக்கவில்லை. சீறல் தொடரட்டும் என்று அப்படியே நின்றார். தேநீரோடு திரும்பி வந்தபோது, "ஏதும் சொன்னியா ரத்தினம்?" என்று கேட்டார். ரத்தினம்மா கண்களை மூடிக்கொண்டிருந்தார்.

5

இங்கே ஒரு பாத்திரத்தின்மேல் எனக்கு ஐயம் எழுகிறது. மாசிலாமணியின்மேல் அல்ல, அவர் எனக்கு விளங்குகிறார். ஐயம் ரத்தினம்மாவைப் பற்றியது.

திரும்பப் படித்துப் பார்த்தேன். சந்தையில் அவர் ஏசிய ஏச்சு, பதிவறையில் அடித்த கேலி, "நான் சொல்லலியே" என்ற வாக்கியம், எல்லாம் நான் எழுதியவை. கணவர் விசைப்பலகையைத் தம் பக்கம் இழுத்தார். நான் கதையை என் பக்கம் இழுத்தேன். வேறுபாடு என்ன? அவர் செய்தது ஒருமுறை, மகளிடம். நான் பக்கந்தோறும் செய்துகொண்டிருக்கிறேன், உங்களிடம். இதில் உண்மையாகவே அப்பெண் சொன்னது ஒன்றே ஒன்று: மழையைப் பற்றியும் மச்சானைப் பற்றியும் நான் கடையில் கேட்டது. அதைக் கேட்டு நான் சிரித்தேன்.

ஆயினும் கதையை இடையில் விட முடியவில்லை. தொடர்கிறேன்.

அழைப்புக்குப் பின் ரத்தினம்மா எதையும் எழுதவில்லை. விரல் விசையின்மேல் கிடக்கும், அழுத்தாது. அழுத்த முடியவில்லையா, மனமில்லையா என்று மாசிலாமணிக்குத் தெரியவில்லை. காலையில் போர்வையின்மேல் விழும் தட்டும் மெலிந்தது. ஒருநாள் வந்தது, மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாள் போர்வை சற்று அசைந்தது போலிருந்தது. அது கூரைக் காற்றாடியின் வேலையாகவும் இருக்கலாம். அவர் அச்சம் கொண்டார். பாரந்தூக்கியில் இருந்த காலத்தில், கீழே நிற்பவனின் கைச்சைகை தெரியாவிட்டால் சரக்கை அப்படியே அந்தரத்தில் நிறுத்திவிடுவார்கள். எவ்வளவு நேரமானாலும் சரி, சைகை தெரியாமல் இறக்கக்கூடாது என்பது அங்கே முதற் பாடம். அவருக்கு அது நினைவு வந்ததா? வந்திருக்கவேண்டும். ஆனால் அச்சம் வந்தபின் மனிதர் காத்திருப்பதில்லை.

பக்கத்து வீட்டு லட்சுமியை உதவிக்கு அழைத்து அமர்த்திவிட்டு, அவர் கணினியின் கம்பிகளைப் பிடுங்கினார். துவாலையில் சுற்றினார். சக்கரப் பைக்குள் இறக்கினார்.

"எங்கண்ணே தூக்கிட்டுப் போறீங்க?" என்றார் லட்சுமி.

"தேக்காவுக்கு. கடையில ஒரு பையன் இருக்கான், நல்லாப் பாப்பானாம். மாத்துனாலும் குரல் போகாம இருக்குமான்னு கேக்கணும்."

"அண்ணிகிட்ட சொன்னீங்களா?"

"அவளுக்குத் தெரியும்."

ரத்தினம்மா சன்னலோரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி இருந்த இடத்தில் தூசியால் வரைந்த நாற்கோணம் ஒன்று மேசைமேல் எஞ்சியது. மாசிலாமணி வாசலில் நின்று, பழக்கத்தால், பொட்டு விசை இருந்த பக்கம் கையை நீட்டினார். அங்கே மேசை மட்டுமே இருந்தது. குடையில்லாமல் புறப்பட்டார்.

இவ்விதமாக, தம் மனைவியின் நாவைச் சக்கரப் பையில் இட்டு உருட்டிக்கொண்டு ஒருவர் ரயிலேறி வந்து, அந்த மாடிக் கடையில் எனக்கு முன்னால் நின்றார்.

6

முடிவுகள் சில எழுதினேன்.

ஒன்று. கடையில் மாற்றுகிறார்கள். குரல் போய்விடுகிறது. கேமரா திரும்பக் கிடைத்து, ரத்தினம்மா கண்ணால் எழுதுகிறார். புது நிரலின் குரல் சலவை செய்த துணிபோல் மடிப்புக் கலையாதது. மாசிலாமணி வெளியே புறப்படும்போது அக்குரல், "குடை எடுத்துட்டுப் போங்க," என்கிறது. சொல் மனைவியுடையதே, எழுதியதும் அவரே. கணவர் கேளாதவர் போலக் கதவைச் சாத்திக்கொண்டு போகிறார். அதன்பின் அவ்வம்மையார் அவரிடம் எதையும் எழுதுவதில்லை.

(இது நம்பத்தக்கதாக இருக்கிறது.)

இரண்டு. மாற்றாமலே கொண்டுவந்துவிடுகிறார். விரல் நின்றுபோகிறது. நாள்தோறும் மாசிலாமணி பொட்டை அழுத்துகிறார். நாள்தோறும் மழை எச்சரிக்கை ஒலிக்கிறது. நாற்காலியில் இருப்பவர் தம் குரல் தம்மை விட்டுவிட்டுக் கணவரோடு குடித்தனம் நடத்துவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நாற்காலி வெறுமையான பின்னும் எச்சரிக்கை நிற்பதில்லை.

(இதுவும் நம்பத்தக்கதே. மேலும், இதைப் படிப்போர் மாசிலாமணிக்காகக் கண்கலங்குவார்கள். அக்காரணத்தாலேயே எனக்கு இது பிடிக்கவில்லை. இரண்டாம் பகுதியில் அடிக்காமல் விட்ட அந்த 'ஆகவே' போய்ச் சேருமிடம் இதுதான்.)

மூன்று. மாற்றம் வெற்றி பெறுகிறது. இதுவும் நடக்கக்கூடியதே, கணினிகள் சில வேளைகளில் காரணமின்றிக் கருணை காட்டுவதுண்டு. குரல் தன் வீட்டை அடையாளம் கண்டுகொள்கிறது. ரத்தினம்மாவின் முன் கேமரா பொருத்தப்படுகிறது. மகளும் வந்திருக்கிறாள். கண்கள் எழுத்திலிருந்து எழுத்துக்கு நகர்கின்றன. தம் சொந்தக் குரலில், யார் உதவியுமின்றி, அவர் சொன்ன முதல் வாக்கியம்:

எழுதமுடியவில்லை. நன்றி என்று எழுதினால் பொய். சாபம் என்று எழுதினால் நாடகம். எதை எழுதினாலும் விசைப்பலகை என் பக்கம் இருக்கிறது.

7

இனி, படியிறங்கும்போது என் காதில் விழுந்த அந்தக் கேள்வியும் பதிலும்.

ஒலி முகம்மது சாதாரணமாகத்தான் கேட்டார்: "ஆன்ட்டி என்ன சொல்றாங்க அங்கிள்? அவங்களைக் கேட்டீங்களா?"

முதியவர் மேசைமேல் இருந்த பெட்டியைக் காட்டியிருக்கவேண்டும். "எப்படிக் கேக்கிறது? அதான் இங்க இருக்கே."

இவற்றை நான் மறைத்துவைத்த காரணம், கதையின் கடைசியில் வைத்தால் நன்றாக இருக்கும் என்பதே. இப்போது வைத்துப் பார்க்கையில் நன்றாக இல்லை. அந்தப் பெட்டி இல்லாமலும் கேட்டிருக்கலாம். கண் இமைத்தால் ஆம், மூடிக்கொண்டால் இல்லை என்று கேட்பதற்கு மின்சாரமும் வேண்டா. ஆனால் அவ்வாறு கேட்பதிலும் ஒரு தந்திரம் உண்டு. கேள்வியை நாம் அமைத்துவிட்டால் விடையிலும் பாதி நம்முடையதாகிவிடும். மாற்றவா, வேண்டாவா என்று கேட்கப்பட்டவருக்கு அவ்விரண்டும் அல்லாத வேறொன்று சொல்ல இருந்தால், அதை அவர் எந்த இமையில் சொல்வார்?

ஆகையால் அவரை வீட்டுக்கு அனுப்புகிறேன். கடையில் எதையும் மாற்றாமல் பெட்டியை மீண்டும் துவாலையில் சுற்றச் செய்கிறேன். ஆசிரியன் என்ற முறையில் எனக்கு எஞ்சியுள்ள அதிகாரம் இவ்வளவே. மழை பெய்தது. பெட்டி நனையாதிருக்கச் சட்டையைக் கழற்றிப் பைமேல் போர்த்திக்கொண்டு, உள்பனியனோடு ரயிலில் நின்று வந்தார். எதிரே அமர்ந்திருந்த ஒரு சிறுமி அவரையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

லட்சுமி விடைபெற்றுப் போனார். மாசிலாமணி தூசி நாற்கோணத்தின்மேல் பெட்டியைப் பொருந்த வைத்தார். கம்பிகளைச் செருகினார். திரையின் ஓரத்தில் அதே அறிவிப்பு வந்தது: இப்போது மாற்று, பிறகு நினைவூட்டு. அதை அவர் மூடவில்லை. விசைப்பலகையை மனைவியின் மடிமேல் இருந்த பலகையில் வைத்தார். வலக்கையைத் தூக்கிச் சுட்டுவிரலை அதன்மேல் வைத்தார்.

"அனுகிட்ட அன்னைக்கு நான்தான் டைப் பண்ணேன்," என்றார். "உனக்குத் தெரியும். நீ சொன்னதும் எனக்குக் கேட்டுச்சு."

விரல் அசையவில்லை.

"இப்ப நீ சொல்லு. திட்டணும்னா திட்டு. நான் எதுவும் கேக்கல. என்ன வேணும்னாலும் சொல்லு."

ரத்தினம்மாவின் கண்கள் திரையில் இருந்தன. எழுதுமிடம் காட்டும் குறி மின்னி மின்னி மறைந்தது. மாசிலாமணியின் வலக்கை, அதுவாகவே, விசைப்பலகையை நோக்கிச் சற்று நீண்டது. அவர் அதைக் கண்டுகொண்டார். இரு கைகளையும் பின்னிழுத்து, தம் தொடைகளுக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் அழுந்த அமர்ந்துகொண்டார்.

அந்த விரலில் இன்னும் உயிர் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இல்லாமலிருக்கலாம். அவ்வாறாயின், கேட்கவேண்டியதைக் கேட்கவேண்டிய காலத்தில் கேளாத ஒருவர், விடை வராத திரையின் முன் இருட்டும் வரை அமர்ந்திருப்பதே இக்கதையின் முடிவு. உயிர் இருக்கவும் இருக்கலாம். அவ்வாறாயின், ஓர் எழுத்து வரும். அதற்கு நேரமாகும்.

அடுத்து வருவது ரத்தினம்மாவின் வரி. அதற்காக மூன்று வாக்கியங்கள் எழுதி மூன்றையும் அழித்துவிட்டேன். இப்போது என் கைகளும் தொடைகளுக்கு அடியில் இருக்கின்றன. வாசகரே, உங்களுக்கும் ஒரு வாக்கியம் தோன்றியிருக்கும். நல்ல வாக்கியமாகவும் இருக்கும். வைத்துக்கொள்ளுங்கள். இங்கே எழுதிவிடாதீர்கள்.

____________________